மைனஸ் ஒன்றுக்குக் கிடைத்த மரியாதை

டிஸ்க்கில் இடமில்லை, ஃபைல் சேமிக்கப்படவில்லை என்று புரோகிராமிடம் சொல்ல மைனஸ் ஒன்று ஓடிவந்தது. வாசலில் ட்ரேசர் மறித்தது. போகிற வருகிற எண்களைத் திரையில் காட்டுவது அதன் வேலை. அதற்குத் தெரிந்தது ஹெக்ஸாடெசிமல் மட்டும்தான்; பதினாறு இலக்கங்கள் கொண்ட அந்த எண்முறையில் எஃப்தான் மிகப் பெரிய இலக்கம். மைனஸ் குறி போடும் பழக்கமே இல்லை. அதனால் மைனஸ் ஒன்றுக்குத் திரையில் எட்டு எஃப் வரிசையாக நின்றன.

"அம்மாடி, நானூறு கோடிக்கும் மேலே! உள்ளே வாங்க ஐயா."

"அண்ணே, நான் பூஜ்யத்துக்கும் கீழே. கெட்ட செய்தி கொண்டுவந்திருக்கேன்."

"என்ன தன்னடக்கம்! திரையைப் பாருங்க."

மைனஸ் ஒன்று பார்த்தது. தானா அது? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனது.

உள்ளே புரோகிராம் பதறி எழுந்து, "ஃபைலைச் சேமிச்சாச்சா ஐயா?" என்றது.

மைனஸ் ஒன்று திரையை மறுபடி திரும்பிப் பார்த்தது. "இவ்வளவு பெரிய ஆள் வந்திருக்கேன்... சேமிச்சிருக்கத்தானே வேணும்?"

புரோகிராம் நிம்மதியாகத் தன்னிடமிருந்த ஒரே பிரதியை அழித்தது.