தொலைஞ்சா எங்க வரணும்?

"மியூசியம் இங்க. ஏரி இங்க. கோட்டை இந்தா, கூப்பிடு தூரம். ஓட்டல்னா இப்படி நடு ஊர்ல இருக்கணும்" என்று போனை மனைவியின் மூக்குக்கு நேரே நீட்டினார், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர்.

அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "பாலத்துக்கு எதிர்ல பச்சைக் கதவு ஓட்டல். அதுலதான் தங்கறோம்."

"அங்கிருந்து எதுவும் பக்கமில்லையே. எங்க போகணும்னாலும் ரெண்டு பஸ் மாறணும். போன தடவை அதனாலதானே ஒரே ராத்திரியோட காலி பண்ணினோம்?"

"ஆமா. அதனாலதான்."

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கடையில் வாய் ஓயாமல் பேசி, ஒரு ஃபிரேம் வாங்க வந்தவர் தலையில் இரண்டைக் கட்டிவிடுகிற மனுஷன், வீட்டில் இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் வாய்ப்பூட்டு போட்டுக்கொள்வார்.

அவள் ஒன்றும் பயந்தாங்கொள்ளி இல்லை. பாம்பைப் பார்த்தால்கூட துடைப்பத்தைத் தேடுகிறவள். ஆனால் கூட்டத்தைப் பார்த்தால் மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொள்வாள். பிள்ளை கைநழுவிப் போய்விடும், திரும்பி வர வழி தெரியாமல் எங்கேயோ நிற்கும் என்று பயம். அதனால் அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. எந்த ஊரில் தங்கினாலும் வாசலிலேயே ஒத்திகை. அது முடிகிற வரை பெட்டியைக் கீழே வைக்கக் கூடாது.

பச்சைக் கதவுக்கு முன்னால் அவர் இரண்டு பெட்டிகளோடு நின்றார். வாலு என்று வீட்டில் கூப்பிடுகிற மகள் எரிச்சலோடு ஓட்டலைப் பார்த்தாள்.

"தொலைஞ்சா எங்க வரணும்?"

"இங்க."

"வந்து?"

"நம்ம ரூம்ல போய் உட்காரணும்."

"யாராவது கூப்பிட்டா?"

"திறக்கக் கூடாது. நீ கூப்பிட்டாத்தான் திறக்கணும். அம்மா, எனக்கு எட்டு வயசாச்சு. இதெல்லாம் சின்னப் பசங்களுக்கு."

"இன்னொரு தடவை சொல்லு."

"சொல்லித் தொலையேன்டி, கை இறங்குது எனக்கு" என்றார் அப்பா. சொன்னாள்.

கவுன்டரில் இருந்தவர் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தார். "வாங்க சார். மூணாவது மாடி, ஆத்தைப் பார்த்த மூலை ரூம். அம்மா அதேதான் வேணும்னு பிடிவாதமா கேட்டாங்க. நாலு பேர்தானே?"

"மூணு பேர்."

"போன்ல நாலுன்னாங்களே. கட்டில்கூட சேர்த்துப் போட்டாச்சு."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் சாவிகள் தொங்குகிற பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குக் கோபம் வந்தது. கூடவே அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"சாவி கொடுங்க" என்றாள்.

"அதைத்தான் உங்க பையன் வாங்கிட்டுப் போயிட்டானே."

"எந்தப் பையன்?" என்றார் அவர்.

"என்ன சார் இப்படிக் கேட்கறீங்க? காலைல கதவைத் திறக்கும்போதே வாசல்ல நின்னான். அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கார்னான். நம்ம ரூம் தயாராச்சான்னு கேட்டான். நீங்க வண்டியை நிறுத்திட்டு வர்றீங்கன்னு நினைச்சுக் கொடுத்துட்டேன். சமத்துப் பிள்ளை. ஆனா அழுத்தம். சாப்பிட ஏதாவது வேணுமான்னு ஆள் அனுப்பிக் கேட்டேன். அம்மா கூப்பிட்டாத்தான் திறப்பேன்னுட்டான்."

அவர் பெட்டிகளை அங்கேயே விட்டார். அவள் அதற்குள் பாதி மாடி ஏறியிருந்தாள்.

"அவன் தொலைஞ்ச அன்னைக்கே நான் இங்க வந்து கேட்டேன்" என்றார், மூச்சு வாங்க அவள் பின்னாலேயே ஏறிக்கொண்டு. "ரூமை வேற யாருக்கோ விட்டாச்சு, பையன் யாரும் வரலைன்னாங்க. போலீஸும் வந்து கேட்டாங்க."

"ரூம் நம்மளுதா இருந்தாத்தானே வந்து உட்காருவான்? அப்படித்தானே சொல்லிக் கொடுத்திருந்தேன்." அவள் நிற்கவில்லை. "மியூசியம் மூடிடுவாங்கன்னு அவசரப்படுத்தி ஓட்டலை மாத்தினீங்க. புது வாசல்ல நானும் ஒத்திகை பார்க்காம விட்டுட்டேன். அவனுக்கு இந்த இடம் மட்டும்தான் தெரியும்."

பக்கத்தில் இருக்கிறது, பக்கத்தில் இருக்கிறது என்று அன்றைக்கு அவர்தான் குதித்தார். இத்தனை வருஷமாக அதை நினைக்காமல் அவர் தூங்கியதில்லை.

மூன்றாவது மாடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்ப என்னைவிட உயரமா வளர்ந்திருப்பான். மீசைகூட வந்திருக்கும். நமக்கு அடையாளம் தெரியுமா?"

அவள் மூலை அறையின் கதவில் நெற்றியை வைத்தாள்.

"கண்ணா, அம்மா வந்துட்டேன்டா."

உள்ளே நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு மேல் தாழ்ப்பாள் விலகியது. நாற்காலி மறுபடியும் நகர்ந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் தலைக்கு மேலே ஒரு முகத்தை எதிர்பார்த்து நிமிர்ந்து நின்றார்.

கதவு திறந்தது. அந்த உயரத்தில் முகம் எதுவும் இல்லை. அவள் மட்டும் முழங்கால் போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

பின்னாலேயே ஏறி வந்த வாலு அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அம்மா, அண்ணன் தொலைஞ்சது நான் பொறக்கறதுக்கு முன்னாடின்னுதானே சொன்னே? அப்புறம் எப்படி என்னைவிடச் சின்னவனா இருக்கான்?"