ஆறு நாள் பட்டினி

"ஒப்பந்தத்தை எடுத்து வைங்கண்ணே மேசையில. எந்தக் கை எங்களை வித்துச்சுன்னு பாக்கணும்!"

பூமிநாதன் போட்ட சத்தத்தில், சங்க அலுவலக வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். செயலாளர் மருதையன் எழுந்திருக்கவில்லை. அவர் கை மட்டும் மேசை மேலிருந்த கோப்பின் மீது அழுந்தியது.

"உக்காரு பூமி. டீ சொல்றேன்."

"டீயா? பதினோரு வருஷமா விழிதியூர்லேர்ந்து சைக்கிள் மிதிச்சு வந்து, அந்த அட்டைப்பெட்டி ஆலையில காண்ட்ராக்ட் கூலியா முதுகு ஒடிஞ்சவன் நான். நாப்பது பேரையும் நிரந்தரமாக்குறோம்னுதானே உண்ணாவிரதப் பந்தல் போட்டீங்க? இப்ப அந்த நாப்பது பேருக்கும் வேலையே கெடையாதுன்னு கேட்டுல ஒட்டியிருக்கான். அதுக்கு டீ வாங்கித் தர்றீங்களாக்கும்!"

"நிரந்தரத் தொழிலாளிங்க நூத்தியிருவது பேரு வேலையக் காப்பாத்தியிருக்கேன். ஆறு நாள் பட்டினி கெடந்ததுக்கு இதுதான் கெடைச்சுது. நேத்து சாயங்காலம் கையெழுத்தாச்சு. இல்லேன்னா கம்பெனியவே இழுத்து மூடியிருப்பான்."

நல்ல நியாயம்தான்! பயிரை மேய்ந்த வேலி, மிச்சப் பயிரைக் காப்பாற்றினேன் என்று மார்தட்டுகிறது.

பட்டினி என்ற சொல் காதில் விழுந்ததும் பூமிநாதன் மேசையில் ஓங்கிக் குத்தினான். அந்தப் பட்டினிதான் அவன் சிநேகிதன் நூகுவைக் கொண்டுபோனது.

நூகு ஆலையின் எடைமேடையில் வேலை பார்த்தவன். நாளெல்லாம் எடைச்சீட்டில் கையெழுத்தும் தேதியும் போட்டுப் பழகியவன். கல்யாண மொய்க்கவரில்கூடப் பேருக்குக் கீழே தேதி எழுதுவான் என்று எல்லாரும் கேலி செய்வார்கள். அவனுக்கு நிரந்தர வேலை. சங்கத்தின் செயற்குழுவிலும் இருந்தான். பந்தலில் உட்கார வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை. போதாக்குறைக்குச் சர்க்கரை வியாதி. ஆனாலும் பத்தாம் தேதி காலையில் முதல் ஆளாக வந்து பாயை விரித்தான்.

மூன்றாம் நாளே அவனுக்கு நாக்குக் குழறியது. அவன் மனைவி சித்திக்கா பந்தலுக்கு வெளியே அழுதுகொண்டு நின்றாள்.

"எந்திரிச்சுப் போடா. தங்கச்சி அழுவுறதப் பாரு" என்று பூமிநாதன் கெஞ்சினான்.

"முப்பது நாள் நோன்பு புடிக்கிறவன்டா நான். உனக்காக இதுகூடச் செய்யலேன்னா நான் மனுஷனே இல்ல."

ஐந்தாம் நாள் ராத்திரி நூகு அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "பூமி, எனக்கு மாப்புக் குடுத்துடுடா."

"ஹஜ்ஜுக்குப் போறவங்கதான் எல்லார்கிட்டயும் மாப்புக் கேப்பாங்க. நீ எங்கடா பயணம் கெளம்பிட்டே?"

பூமிநாதன் சிரித்து மழுப்பிவிட்டான். மன்னித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடிந்தபோது நூகு பேச்சுமூச்சில்லாமல் கிடந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

அன்று மாலை அடக்கம் முடிந்த கையோடு, மருதையன் பந்தலுக்கு வந்து மிச்சப் பேருக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்து உண்ணாவிரதத்தை முடித்துவைத்தார். "நூகுவின் உயிருக்கு நிர்வாகம் பதில் சொல்லியே ஆக வேண்டும்!" என்று மைக்கில் முழங்கினார். மறுநாளே ஒப்பந்தம் வந்துவிட்டது.

"நூகு மட்டும் உசுரோட இருந்திருந்தா, இந்தத் தாளைக் கிழிச்சு உங்க மூஞ்சியிலயே வீசியிருப்பான். அவன் செத்தது உங்களுக்குச் சௌகரியமாப் போச்சுல்ல?" என்று பூமிநாதன் கோப்பைக் காட்டிக் கத்தினான்.

மருதையன் முகம் கறுத்தது. "செத்தவனை இதுல இழுக்காத. வீட்டுக்குப் போ."

"போறேன். நேரா அவனைப் பொதைச்ச கபருக்குத்தான் போவேன். உன் உசுரை வித்தவங்க இவங்கதான்டான்னு ஒவ்வொரு பேராச் சொல்லணும். காட்டுங்க கையெழுத்தை!"

"வேணாம் பூமி. சொன்னாக் கேளு." மருதையனின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லது! அதைப் பாத்துத்தானே நடுத்தெருவுல நிக்கிறேன்?"

பூமிநாதன் கோப்பைப் பறித்தான். மருதையன் எட்டிப் பிடிப்பதற்குள் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டான். மேலே மருதையனின் கையெழுத்து. அதன்கீழ் வரிசையாகச் செயற்குழு உறுப்பினர்களின் கையெழுத்துகள். ஒவ்வொரு பேரையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தவன், கடைசிப் பேரை மறுபடியும் குனிந்து பார்த்தான்.

நூகு கையெழுத்துப் போட்டிருந்தான். அதன்கீழே, வழக்கம்போல் தன் கையாலேயே தேதியும் எழுதியிருந்தான்: ஏழாம் தேதி, பந்தல் போடுவதற்கு மூன்று நாள் முன்பு.