மேசைக்கு மூன்று

நாலாயிரத்து முந்நூற்று இருபது ரூபாய்.

நர்சரி முதலாளி அவளுக்குத் தரவேண்டியது. பன்னிரண்டு நாள் கூலி.

அதில் நூற்று இருபதை ஒரு பச்சைப் பட்டுக்காரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு போகிறாள்.

செடி.

இப்போதுதான் மேசை மேல் இருந்தது. அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டது.

அவள் தூணோரம் நின்று பார்த்தாள். கூப்பிட வாயெடுத்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது? இரவல் செடி, வைத்துவிட்டுப் போங்கள் என்றா?

மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம் அது.

பின்னாலேயே ஒரு பெரியவர். இலை முறிந்துவிடாமல் குரோட்டன்ஸைப் பிள்ளை மாதிரி அணைத்துப் பிடித்திருந்தார்.

மண்டபத்தில் பன்னிரண்டு வட்ட மேசை. நடுவில் பூ வேண்டும் என்றாள் மகள். போனில் படம் காட்டினாள். முகூர்த்த நாள், பூக்கடையில் மேசைக்கு எண்ணூறு கேட்டார்கள். பிளாஸ்டிக் பூ என்றால் மகள் முகத்தைத் திருப்பினாள். கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு எலுமிச்சம்பழம் மிதக்க விடலாம் என்று பார்த்தால், கிண்ணத்து வாடகைக்கு இரண்டு மூட்டை அரிசி வாங்கலாம்.

கூலி கேட்கப் போன இடத்தில்தான் செடி கிடைத்தது.

"காசு அடுத்த வாரம் தாரேன். பூவுக்கு எதுக்கு அழுவுற? செடிய எடுத்துட்டுப் போயி வையி. சாயங்காலம் கொண்டாந்துரு. ஒண்ணு கொறஞ்சா நூத்திருவது கூலியில கழிச்சுருவேன், ஆமா."

செடி நட்டிருந்த கறுப்புக் கவர் தெரியாமல் சாக்கை வெட்டிச் சுற்றினாள். மூன்று தரம் அலசிய அரிசிச் சாக்கு. மாப்பிள்ளை வீட்டார் தடவித் தடவிப் பார்த்தார்கள். எந்தக் கடை என்று ஒருத்தி கேட்டாள்.

மகளுக்கும் பிடித்திருந்தது. காலையில் அது போதும் என்றிருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் ஊரில் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குச் செடி கொடுப்பது வழக்கமாம். வெற்றிலை பாக்கோடு ஆளுக்கு ஒன்று. இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

பந்தியில் எழுந்தவர்கள் கை கழுவிவிட்டு வந்து எடுத்தார்கள். கேட்டு எடுக்கவில்லை. தங்களுக்கென்று வைத்ததை யார் கேட்டு எடுப்பார்கள்?

ஒரு மேசை காலி. அடுத்த மேசை.

வாசலில் தாம்பூலப் பை கொடுக்க நாத்தனார் நின்றாள். புருசன் இல்லாதவள் அங்கே நிற்க வேண்டாம் என்று பெண்ணைப் பெற்றவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளாகவே உள்ளே வந்துவிட்டாள்.

"ஆயா, இத ஆட்டோ வரைக்கும் தூக்கியாங்களேன். பட்டுச் சேல அழுக்காயிரும்."

மண்டபத்து ஆள் என்று நினைத்துவிட்டாள் செடியை நீட்டிய அந்தப் பெண்.

தூக்கிக்கொண்டு போனாள். ஆட்டோ குலுங்கினால் சாயும் என்று தாம்பூலப் பையை முட்டுக் கொடுத்து வைத்தாள். ஆட்டோ போய்விட்டது.

திரும்பி வரும்போது மேடையைப் பார்த்தாள். மகளும் பார்த்தாள். செடி இரவல் என்று மகளுக்குத் தெரியும். வாய் லேசாகத் திறந்தது.

இங்க பாரும்மா என்றார் போட்டோக்காரர்.

மகள் அங்கே பார்த்துச் சிரித்தாள்.

முதலாளி கடைசிப் பந்திக்கு வந்தார். மூலை மேசையில் உட்கார்ந்தார். அதில் மட்டும் ஒரு செடி மிச்சம். இலை முறிந்தது, யாரும் எடுக்கவில்லை.

அவளே பரிமாறினாள்.

"எத்தன போச்சு?"

"முப்பத்தஞ்சு."

முதலாளி கோபப்படவில்லை. அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டார்.

"ஏ பவுனு, எந்தக் கல்யாணத்துல செடி திரும்பி வந்துருக்கு?"

சிரித்தார். கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க நூறு செடி, இருநூறு செடி என்று விற்கிறவர்.

அவள் கேட்டது இருபத்து நாலு. மேசைக்கு இரண்டு. மூன்று வைத்தால்தான் நிறைவாக இருக்கும் என்று எண்ணி எண்ணி வண்டியில் ஏற்றியது அவர்தான்.

முப்பத்தாறு. நூற்று இருபது.

ரசவாளியோடு நின்றபடியே பெருக்கிப் பார்த்தாள். இன்னொரு தரம் பெருக்கினாள். ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அந்த ஒண்ணயும் நீயே வச்சுக்க. நம்ம கணக்குத் தீந்துச்சு."

மோருக்குக் கையைக் குழித்தார். ஊற்றினாள்.

சாப்பிட்டு அவர் வாசலுக்குப் போனபோது தாம்பூலப் பை தீர்ந்துவிட்டிருந்தது. நாத்தனார் கையைப் பிசைந்தாள். பரவாயில்ல, பரவாயில்ல என்று அவர் செருப்பைத் தேடினார்.

"ஐயா."

அவள் வாசலுக்கு வந்திருந்தாள். கையில் அந்தச் செடி. முறிந்த இலையைக் கிள்ளிவிட்டிருந்தாள்.

"எம் மக கல்யாணத்துக்கு வந்தவுக வெறுங்கையோட போகக் கூடாது."

இரண்டு கையாலும் நீட்டினாள். நாத்தனார் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். படியில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

முதலாளி செடியைப் பார்த்தார். சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். வாங்கிக்கொண்டார்.

"வெயில் படுற எடமா வைங்க" என்றாள் அவள். "ரெண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி ஊத்துங்க."