பத்தும் ஆடவில்லை

“ஆடலக்கா. பத்துல ஒண்ணுகூட ஆடல.”

ஆய்வுக்கூடத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்த லோஷினி, தரை துடைத்துக்கொண்டிருந்த ரீத்தாக்காவைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். கரப்பான் பூச்சியைக் கண்டு ஊரே பயத்தில் குதிக்கும். இவள் சந்தோஷத்தில் குதித்தாள்.

“அலமாக், விடும்மா, தலை சுத்துது. என்ன ஆடல?” என்று சிரித்தார் ரீத்தாக்கா.

“ஜீன்க்கா. கரப்பான் உடம்புல எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யுதுன்னு அளக்கணும்னா, எப்பவும் ஒரே மாதிரி இருக்கிற ஜீன் ஒண்ணு வேணும். அதோட ஒப்பிட்டுத்தான் மத்ததைச் சொல்ல முடியும். பிள்ளை வளர்ந்திருக்கான்னு சுவத்துல கோடு போட்டுப் பாக்கிறோம்ல, அந்தச் சுவரே ஏறி இறங்கினா?”

“அளந்த மாதிரிதான்.”

“அதான். ஒரு சுவரு தேடி மூணு வருஷமா அலைஞ்சேன். இப்ப பத்துச் சுவரு கிடைச்சிருக்கு.”

அவள் குதித்ததற்குக் காரணம் இருந்தது. உபகாரச் சம்பளம் இந்த மாதத்தோடு சரி. இன்று இரண்டு மணிக்குப் பேராசிரியர் விஜயேந்திரனிடம் ஆடாத ஜீன் ஒன்றையாவது காட்டாவிட்டால், ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு சொந்த ஊரான சாஆவுக்கு பஸ் ஏற வேண்டியதுதான். அழுதழுது தேடியவளுக்கு அடித்தது யோகம்.

கைப்பேசியை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனாள்.

“சார், ஏ பெட்டிக்குத் தினமும் தீனி போட்டேன். பி பெட்டிக்கு இருபத்தொரு நாளா வெறும் தண்ணிதான். ரெண்டுலயும் பத்து ஜீனும் ஒரே அளவு.”

“பட்டினி கிடந்ததுலயுமா? சோதனையைத் திரும்ப ஓட்டிப் பாத்தீங்களா?”

“மூணு தடவை சார்.”

“நாலஞ்சாவது செத்திருக்குமே?”

“ஒண்ணுகூட சாகல சார். கொழுகொழுன்னு இருக்குதுங்க.”

மறுமுனையில் பேராசிரியரின் குரல் மேலே ஏறியது. “இது சின்ன விஷயம் இல்லம்மா. ரெண்டு மணிக்கு டீனையும் கூட்டிட்டு வர்றேன்.”

லோஷினிக்குக் கால் தரையில் பாவவில்லை. உள்ளே வந்து இரண்டு கரப்பான் பெட்டியையும் நன்றியோடு பார்த்தாள். யார் கையும் ஓரவஞ்சனை செய்துவிடக் கூடாது என்று வெளியே எழுத்தை மட்டும்தான் ஒட்டியிருந்தாள். எது எதற்கு என்பது அவளுக்கும் பேராசிரியருக்கும் மட்டுமே தெரியும். கூட்டித் துடைக்க வருகிறவரிடம் இதையெல்லாம் சொல்வானேன் என்று ரீத்தாக்காவிடம் அவள் மூச்சு விட்டதில்லை.

கீழே ஓடிப்போய் நாசி லெமாக் இரண்டு பொட்டலம் வாங்கிவந்தாள்.

“சாப்பிடுங்கக்கா. முதல் விருந்து உங்களுக்குத்தான்.”

“தவக்காலம் லா. ஈஸ்டர் வரைக்கும் மத்தியானச் சோறு கிடையாது.” ரீத்தாக்கா பொட்டலத்தை அவள் கையிலேயே திருப்பி வைத்தார். “உன் படிப்பு நல்லபடியா முடியணும்னுதான் நேர்ந்துகிட்டிருக்கேன்.”

லோஷினிக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற தாய்கூட இப்படிச் செய்வாளா? கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, கழுவிக் கவிழ்த்திருந்த ரீத்தாக்காவின் சாப்பாட்டு டப்பா கண்ணில் பட்டது.

“அப்ப தினமும் இதுல சோறு கொண்டு வர்றீங்களே, அது யாருக்கு?”

“நாம விட்ட சோத்தைப் பசிச்ச வயித்துக்குப் போட்டாத்தானே நோன்பு.” ரீத்தாக்கா கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நீ வேலை மும்முரத்துல பி பெட்டிக்குத் தீனி வைக்கவே மறந்துட்டே. புரொபசருக்குத் தெரிஞ்சா உன்னைத் திட்டுவாரேன்னு நான்தான் தினமும் போட்டுட்டு வந்தேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்காதுங்க, பாவம்.”