ஹாரிங்டன் கல்லில் நான்காவது பெயர்

"செத்துப்போன பிள்ளைக்கு ஒரு பேருகூடக் கிடையாதா இந்த வீட்ல?"

நான் கேட்டதும் நோனி அத்தை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். மர்டி பெரியப்பாவின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை பலகையில் பாதி சுருக்கத்தோடு கிடந்தது.

பெரியப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து இருமினார். சுரங்கத் தூசி அவர் நெஞ்சை விட்டு இன்னும் இறங்கவில்லை. இருமி முடித்துவிட்டு, காலேஜில் என்ன பாடம் எடுத்தார்கள், சரித்திரமா சண்டையா என்று கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால், அயர்லாந்திலிருந்து அமெரிக்காவின் பியூட் நகரத்துக்குத் தாமிரம் வெட்ட வந்த ஹாரிங்டன்களின் கதையை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. தாத்தா பாட்டியின் கல்லறைக் கல் போன குளிரில் பிளந்துவிட்டது. புதுக் கல் தயார். தாத்தா, பாட்டி, கடைசி மகனான என் அப்பா என்று மூன்று பெயர்கள். மதியத்துக்குள் சொன்னால் கல் வெட்டுகிறவர் நான்காவதையும் சேர்த்துவிடுவார்.

நான்காவது பெயர் ஒன்று இருக்கிறது என்பதே யாரும் சொல்லி எனக்குத் தெரிந்ததல்ல.

எங்கள் ஆட்கள் பிள்ளைக்குப் பெயர் யோசிப்பதில்லை. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர். மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர். அப்பாவைப் பெற்றவளின் பெயர் இரண்டாவது மகளுக்குத்தான். அதை மாற்ற யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

மர்டி பெரியப்பாவின் பெயர் சரியாகத்தான் இருந்தது. அத்தையின் பெயர்தான் இடித்தது. நோனி என்பது கூப்பிடும் பெயர்; முழுப் பெயர் ஹனோரா, தாத்தாவின் அம்மா பெயர். அது இரண்டாவது மகளுக்குரியது. அப்படியானால் முதல் மகள் எங்கே?

பாட்டிக்கும் அவள் அம்மாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, அதனால் அந்தப் பெயரை விட்டுவிட்டாள் என்றார் பெரியப்பா. ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் குடித்திருந்தார், வரிசை மாறிவிட்டது என்றாள் அத்தை. இரண்டு கதைகள். சொல்லி முடித்ததும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கோயிலின் அடக்கப் பதிவில் தேடினேன். அப்பி ஹாரிங்டன், வயது ஏழு, தொண்டை அடைப்பான். அப்பி என்பது பாட்டியுடைய அம்மாவின் பெயர்.

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. சுரங்கத்தில் வண்டி இழுத்த கோவேறு கழுதைகளின் பெயரெல்லாம் பெரியப்பாவுக்கு அத்துப்படி. கூடப் பிறந்தவளின் பெயர் மட்டும் வாயில் வராது.

அதையும் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். நீங்கள் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அப்பி என்று வெட்டச் சொல்லிவிட்டுத்தான் வருவேன் என்றேன்.

பெரியப்பா வாயைத் திறந்தார். அத்தை கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வெட்டணும்தான். இத்தனை வருஷம் விட்டதே பாவம். ஆனா அப்பி வேண்டாம்டி. ஹனோரான்னு வெட்டச் சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஹனோரா நீதானே அத்தை. குத்துக்கல்லாட்டம் நிக்கிற. உன் பேரைக் கொண்டுபோய், ஏழு வயசுன்னு போட்டு..."

"அஞ்சு வயசு," என்றாள் அத்தை.

பெரியப்பா ஜன்னலிலிருந்து திரும்பினார்.

பிறகு அவர்தான் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டே. அந்தக் குளிர்காலத்தில் தெருவில் வீட்டுக்கு ஒரு பிள்ளை போனது. இந்த வீட்டில் போனது சின்னவள், நோனி. அடக்கம் முடிந்த பிறகு பாட்டி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை. தாத்தா இரண்டாவது சவப்பெட்டிக்கு மனசைத் தயார்ப்படுத்திக்கொண்டிருந்தார். ஒருநாள் காலையில் பாட்டி படுத்தபடியே, "நோனி, தண்ணி கொண்டா" என்று கூப்பிட்டாள்.

வீட்டில் இருந்த பெண்பிள்ளை ஒன்றே ஒன்று. பெரியவள், அப்பி.

"போனேன்," என்றாள் அத்தை. "யாராவது போகணும்ல?"

பாட்டி அந்தத் தண்ணீரைக் குடித்தாள். மறுநாள் எழுந்து உட்கார்ந்தாள். தெருவில் நோய் அடங்கியதும், இறந்த பிள்ளைகளின் பெயர் எழுத சாமியார் வந்தார். உள்ளே பாட்டியின் காதில் விழும் தூரத்தில் நின்றுகொண்டு, அப்பி, ஏழு வயது என்று சொன்னார் தாத்தா. அதன் பிறகு பள்ளிக்கூடம், நற்கருணை, சலவைக்கூட வேலை எல்லாம் நோனியின் பெயரில்தான்.

"பென்ஷன்கூட ரெண்டு வருஷம் லேட்டு, அந்தச் சின்னக் கழுதை வயசுக்கு," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார் பெரியப்பா. சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அத்தை அவர் முதுகைத் தடவிவிட்டாள்.

நான் பதிவிலிருந்து எழுதிக்கொண்டு வந்த காகிதத்தைக் கசக்கினேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பாட்டிமேல்தான் வந்தது. பெற்ற பிள்ளையின் முகம்கூடவா தெரியாமல் போனது, சாகும்வரை ஏமாந்துகொண்டேவா இருந்தாள் என்று கேட்டேன்.

அத்தை இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். காலரை ஒருமுறை அழுத்தி இழுத்துவிட்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல் சொன்னாள்.

"வேலைக்குப் போறவங்களுக்கு விடியக்காலைல அம்மா மாவுக்குள்ள கறி வெச்சு மடிச்சு பாஸ்டி சுட்டுக் கட்டுவா. யாருது எதுன்னு தெரியணும்ல, மாவு மூலையில அவங்கவங்க பேரோட முதல் எழுத்தைக் கத்தியால கீறி வைப்பா. வாயால நோனின்னுதான் கூப்பிட்டா, கண்ணை மூடுறவரைக்கும். ஆனா என் பாஸ்டியில ஒருநாள்கூட அவ நோனியோட எழுத்தைக் கீறினதில்ல."