வட்டாரப் பெயர்

நாகலூர் காப்பித் தோட்டத்துக்குக் கீழே, ஊற்றுத் தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதக்கிறது. நிலவியல் அதிகாரி புருஷோத்தமன் அதைப் பார்த்தபடி, பெட்ரோலியம் பிறந்த கதையை இருபது நிமிடமாகச் சொல்கிறார். அவர் பேச்சில் சேர்வராயன் மலை அரபு நாடாகவே ஆகிவிட்டது. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த குடியானவர் வெள்ளையன் ஒரு குச்சியால் படலத்தைத் தொடுகிறார். அது அப்பளம்போல நொறுங்கித் துண்டு துண்டாக நிற்கிறது. "எண்ணெயின்னா மறுபடி கூடிக்குமுங்களே?" அதிகாரி இருமுகிறார். "இது இரும்புல பிழைக்கிற பாக்டீரியா. அதைத்தான் சொல்ல வந்தேன்," என்று கையிலிருந்த ஆய்வுப் படிவத்தைத் திருப்புகிறார். "சரி, இங்க இதுக்கு என்ன பேரு?" வெள்ளையன் குச்சியைக் கீழே வைக்கிறார். "செத்துப்போன எங்க ஊட்டுக்காரி ஒரு பேரு சொல்லுவாளுங்க. மலைப்பேச்சு பேசாதே, சேலத்துக்காரங்க சிரிப்பாங்கன்னு நாந்தான் அடக்கிப்போட்டனுங்க." 'வட்டாரப் பெயர்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுத அதிகாரியின் பேனா இறங்குகிறது. "ஏனுங்க, இல்லைன்னு எழுதிப்போடாதீங்க. சித்த இருங்க." தண்ணீரின் முன் குந்தி உட்கார்ந்து, அந்தப் பேரைச் சொல்லும்போது அவள் குவித்த மாதிரியே உதட்டைக் குவிக்கிறார். காற்றுதான் வருகிறது. மறுபடியும் குவிக்கிறார்.