சேவலின் ஸ்மார்ட்வாட்ச்

சேவலுக்கு விடியும் நேரம் தானாகவே தெரியும் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இந்தப் பெரும்பிழையை இனியும் வளரவிடக் கூடாது. செங்கொண்டை என்ற சேவல் மூன்று நாளாக வெயில் வந்த பிறகுதான் கூவியது. நாளையும் தவறினால் அந்த வேலை வாத்துக்கு என்று கோழிகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டன.

ஸ்மார்ட்வாட்ச் ஒன்று வாங்கினால் மானம் தப்பும் என்று செங்கொண்டைக்குத் தோன்றியது. எப்படியும் நாற்பது சோளமாவது ஆகும் என்று தானே முடிவுகட்டி, கையிருப்பாக இருந்த நாற்பதையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு அணிலின் கடைக்குப் போனது.

"பன்னிரண்டு சோளம் அண்ணே," என்றது அணில்.

செங்கொண்டையின் முகம் சுண்டிப்போனது. "பன்னிரண்டுதானா? மட்டமான சரக்கா? ஊரையே எழுப்புகிறவன் கட்டிக்கொள்ளக் கேட்கிறேன் தம்பி!"

"அடடா, கோழிகளுக்கானதைக் காட்டிவிட்டேனே!" அணில் அதே வாட்சை உள்ளே எடுத்துப்போய், வாலால் துடைத்து, வாழையிலையில் வைத்துக் கொண்டுவந்தது. "இது சேவல்களுக்கு. அறுபது."

"அப்படிச் சொல்லு!" செங்கொண்டைக்கு உயிர் வந்தது. ஆனாலும் விடுமா? அரை மணி நேரம் பேரம் பேசி நாற்பதுக்கு முடித்துவிட்டு, அணிலை மடக்கிவிட்ட பூரிப்போடு வீடு திரும்பியது.

மறுநாள் ஐந்தரைக்கு வாட்ச் அதிர்ந்தது. செங்கொண்டை பிசகாமல் கூவியது. கோழிகள் மெச்சின. பிறகு அது, அதே மாதிரி வாட்சைக் காலில் கட்டிக்கொண்டு சோளம் கொத்திக்கொண்டிருந்த ஒரு பெட்டைக்கோழியிடம் போய், "காலைச் சாப்பாட்டுக்கு நாலு சோளம் கிடைக்குமா?" என்று கேட்டது.